வார்தலாண்டில் ஏறியவர்கள்: டென்மார்க், 1943

1943 அக்டோபர் 2, சனிக்கிழமை. கோபன்ஹேகன் துறைமுகத்தில், லாங்கலினி துறைமேடையோரம் வார்தலாண்ட் என்ற பெரிய ஜெர்மன் கப்பல் நின்றிருந்தது. டென்மார்க்கின் யூதர்களை வாரிக்கொண்டு போக வந்த கப்பல் அது. நாட்டில் அப்போது ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். முந்தைய இரவு தலைநகரில் வீடு வீடாகக் கதவைத் தட்டியும் அன்று கப்பலில் ஏற்ற முடிந்தது 202 பேரைத்தான். பெரும்பாலும் முதியவர்கள், நோயாளிகள், எச்சரிக்கை போய்ச் சேராதவர்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரிகளிலும் மாதாகோயில்களிலும் முன்பின் தெரியாதவர்களின் கோடைவீடுகளிலும் ஒளிந்திருந்தார்கள். மூன்றே வாரங்களில் அவர்களில் பெரும்பாலோர் கடல் கடந்து சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். இந்தக் கதை உலகத்துக்குத் தெரிந்ததுதான். பள்ளிப் பாடங்களிலும் சினிமாவிலும் வந்துவிட்டது.

அதே கப்பலில் அன்று இன்னும் 150 பேர் ஏற்றப்பட்டார்கள். டேனிஷ் கம்யூனிஸ்டுகள். இவர்களைத் தேடி ஜெர்மானியர்கள் எந்தக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பே டேனிஷ் போலீஸ் இவர்களைப் பிடித்து, டேனிஷ் முகாம் ஒன்றில், டேனிஷ் காவலர்களின் பொறுப்பில் வைத்திருந்தது.

அந்த வருடத்தைப் பற்றிப் பொதுவாசகர்களுக்காக எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை முதல் கூட்டத்தைப் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. இரண்டு கூட்டத்தையும் ஒரே தளத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் 1943இல் அந்தச் சின்ன நாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்கும் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஜெர்மன் படைகள் டென்மார்க்குக்குள் நுழைந்தது 1940 ஏப்ரல் 9 அதிகாலை. நாட்டின் மக்கள்தொகை அப்போது நாற்பது லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. மலையோ பெருங்காடோ இல்லாத தட்டை நிலம். சண்டை சில மணி நேரத்தில் முடிந்துபோனது. அதன்பிறகு நடந்ததுதான் விசித்திரம். போலந்திலும் நார்வேயிலும் ஹாலந்திலும் அரசுகள் ஒழிந்தன, அல்லது கடல்தாண்டி லண்டன் போயின. டென்மார்க்கில் அரசர் கிறிஸ்டியான் அரண்மனையிலேயே இருந்தார். நாடாளுமன்றம் கூடியது. நீதிமன்றம், போலீஸ், ராணுவம் எல்லாம் அப்படியே. நாட்டின் இறையாண்மையை மதிப்பதாக ஜெர்மனி எழுத்தில் சொன்னது. டென்மார்க் எதிர்க்காமல் இருக்க ஒப்புக்கொண்டது. இரண்டு சுதந்திர நாடுகள் பேசிக்கொள்வதுபோல வெளியுறவு அமைச்சகங்களின் வழியாகக் கடிதங்கள் போய்வந்தன. டேனிஷ் வரலாற்றில் இதற்கு ஒத்துழைப்புக் கொள்கை என்று பெயர்.

இரண்டு தரப்புக்கும் இதில் லாபம் இருந்தது. ஜெர்மனிக்கு டேனிஷ் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் வேண்டும். அவற்றை அடித்துப் பிடுங்குவதைவிட விலை பேசி வாங்குவது சுலபம். டென்மார்க்குக்குத் தன் வீட்டை வீடாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேரத்தின் ஒரு பகுதி, யூதர்களைத் தொடக்கூடாது என்பது. இங்கே யூதப் பிரச்சினை என்று ஒன்று இல்லை என்பதே டேனிஷ் அரசு மூன்று வருடம் மாறாமல் சொன்ன பதில். அதனால் மஞ்சள் நட்சத்திரம் வரவில்லை, சொத்துப் பறிமுதல் வரவில்லை, தனிப் பதிவேடும் வரவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவில் இது சாதாரண விஷயம் அல்ல.

1943 பிறந்தபோது நாட்டின் பிரதமர் எரிக் ஸ்காவேனியுஸ். முதல் உலகப் போர்க் காலத்திலும் வெளியுறவு அமைச்சராக இருந்த பழைய ராஜதந்திரி. பெரிய நாட்டின் பக்கத்தில் வாழும் சின்ன நாடு வளைந்துகொடுத்துத்தான் பிழைக்க முடியும் என்று உண்மையாகவே நம்பியவர். அவர் பிரதமராக வந்த விதத்தில் கொஞ்சம் நகைச்சுவையும் உண்டு. 1942 செப்டம்பரில் அரசரின் பிறந்தநாளுக்கு ஹிட்லர் நீண்ட வாழ்த்துத் தந்தி அனுப்பினார். அரசரின் பதில் ஒரு வரி நன்றியோடு முடிந்துவிட்டது. அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்ட ஹிட்லர் தன் தூதரைத் திரும்ப அழைத்து, எஸ்.எஸ். அமைப்பின் உயர் அதிகாரியான வெர்னர் பெஸ்ட்டை அனுப்பினார். பிரதமரையும் மாற்றச் சொன்னார். அதே வருடம் அக்டோபரில் அரசர் குதிரையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தார். தினமும் காலையில் காவலர் யாரும் இல்லாமல் குதிரையில் தலைநகர்த் தெருக்களில் அவர் போய்வந்ததை மக்கள் நாட்டின் நாடித்துடிப்பாக எண்ணியிருந்தார்கள். 1943இல் அந்தக் காட்சி இல்லை.

மற்றபடி வாழ்க்கை ஓடியது. மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகவே ஓடியது. ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் அட்டை. பெட்ரோல் கிடையாது, விறகை எரித்து எழும் வாயுவில் ஓடும்படி கார்களின் பின்னால் ஒரு கலத்தைப் பொருத்திக்கொண்டார்கள். நிலக்கரி வராததால் சதுப்பு நிலங்களில் கரிமண் வெட்டி உலர்த்தினார்கள். காபி அறவே இல்லை. நம்மூரில் காபியில் கலக்கும் சிக்கரியை அங்கே கலப்பதற்குக் காபியில்லாமல் தனியாகவே குடித்தார்கள். மாலையானால் ஜன்னல்களில் கறுப்புத் திரை. தெருக்களில் சைக்கிள் கூட்டம். ஆனால் பசி இல்லை. ஜெர்மனிக்குப் போனது போக மீந்ததே டேனிஷ் குடும்பங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதே 1943இல், எதிரிப் படை உள்ளே வராத வங்காளத்தில், நேசநாட்டு ஆட்சியின் கீழ், பட்டினியிலும் தொடர்ந்த நோயிலும் முப்பது லட்சம் பேர் வரை மடிந்தார்கள். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை வைத்து மட்டும் ஒரு நாட்டின் போர்க்காலத்தை எடைபோட முடியாது.

போர் தங்கள் வாசலில் இல்லை என்ற நினைப்பை ஜனவரி 27 கலைத்தது. அன்று மாலை பிரிட்டிஷ் மொஸ்கீட்டோ விமானங்கள் தாழப் பறந்துவந்து, ஜெர்மன் கடற்படைக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்த புர்மைஸ்டர் அண்டு வைன் தொழிற்சாலையின் மேல் குண்டு போட்டன. பக்கத்துச் சர்க்கரை ஆலை எரிந்தது. குடிமக்கள் சிலர் இறந்தார்கள். ஆச்சரியம், மக்களின் கோபம் பிரிட்டன் பக்கம் அவ்வளவாகத் திரும்பவில்லை. ஜெர்மனிக்கு வேலை செய்யும் ஆலையை உள்ளூர்க்காரர்களே முடக்கிவிட்டால் வானிலிருந்து குண்டு விழாது என்ற கணக்கு பலர் மனதில் ஏறியது. நாசவேலைக்கு ஆதரவு பெருக இதுவும் ஒரு காரணம்.

மார்ச் 23ஆம் தேதி பொதுத்தேர்தல். ஜெர்மன் ராணுவம் தெருவில் நிற்க, பல கட்சிகள் போட்டியிட, ரகசிய வாக்கெடுப்பு! பெஸ்ட் அதை அனுமதித்தார். தன் நிர்வாகம் எவ்வளவு நயமானது என்று பெர்லினுக்குக் காட்ட அவருக்கு ஒரு கண்காட்சி வேண்டியிருந்தது. வாக்களிப்பது ஜனநாயகத்துக்குச் செய்யும் கடமை என்று இறையியல் பேராசிரியர் ஹால் கோக் தலைமையிலான இளைஞர் அமைப்பு நாடெங்கும் பிரசாரம் செய்தது. 89.5 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதுவரை அந்நாடு காணாத அளவு. ஒத்துழைப்பு அரசைத் தாங்கிய நான்கு பெரிய கட்சிகள் ஏறக்குறைய 93 சதவீத வாக்குகளை அள்ளின. டேனிஷ் நாஜிக் கட்சிக்கு 2.1 சதவீதம், 149 இடங்களில் 3.

இந்த எண்களை ஹிட்லருக்கு விழுந்த அறையாகவே அன்றும் இன்றும் வாசிக்கிறார்கள். அது சரிதான். ஆனால் மக்கள் வாக்களித்தது ஜெர்மனியோடு ஒத்துப்போன கட்சிகளுக்கு. ஒத்துழைப்பை வெளிப்படையாக எதிர்த்து நின்ற சட்டபூர்வமான ஒரே கட்சியான டேனிஷ் ஒன்றியத்துக்கும் கிடைத்தது அதே 3 இடம்தான். கம்யூனிஸ்டுகள் வாக்குச்சீட்டிலேயே இல்லை; அவர்களின் கட்சி 1941இலேயே தடைசெய்யப்பட்டது. நாஜிகளும் வேண்டாம், சண்டையும் வேண்டாம் என்பதே அந்த மார்ச் மாதத்தின் தீர்ப்பு.

தேர்தல் முடிந்த நான்காம் நாள் அரச நாடக அரங்கில் ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘போர்கி அண்டு பெஸ்’ இசைநாடகம் அரங்கேறியது. ஐரோப்பாவில் அதற்கு அதுவே முதல் மேடை. அமெரிக்க யூதர் இசையமைத்த, கறுப்பின மக்களின் கதை. நடித்தவர்கள் முகத்தில் கருமை பூசிய டேனிஷ் பாடகர்கள். நாஜிகளுக்கு ஆகாத இத்தனையையும் ஒரே மேடையில் பார்க்கக் கூட்டம் நிரம்பி வழிந்தது. சில வாரங்களில் ஜெர்மானியரின் மிரட்டலால் நிறுத்த வேண்டியதாயிற்று. குதர்க்கமும் கிண்டலுமாக எதிர்ப்பைக் காட்டுவதில் அந்நாட்டவருக்கு ஒரு தனி ருசி இருந்தது. சட்டையில் அரசரின் சின்னம் பொறித்த ஊசியைக் குத்திக்கொள்வதும் அந்த வகைதான்.

கோடையில் காற்று மாறியது. பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் சேனை சரணடைந்திருந்தது. ஜூலை கடைசியில் முசோலினி வீழ்ந்தார். அதுவரை ஜெர்மன் படைகளைத் தன் ரயில்களில் கடந்துபோக விட்டிருந்த நடுநிலைச் சுவீடன், ஆகஸ்டில் அதை நிறுத்திக்கொண்டது. ஜெயிக்கப்போகிறவன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டபின் வரும் துணிச்சலை ஏளனம் செய்வது சுலபம். ஆனாலும் துணிந்தவர்கள் ஆலைத் தொழிலாளிகள். இழப்பதற்குக் கூலியும் உயிரும் உள்ளவர்கள். 1942இல் நூற்றிருபதை ஒட்டியிருந்த நாசவேலைச் சம்பவங்கள் 1943இல் ஆயிரத்தை நெருங்கின. ஓடன்சே கப்பல் கட்டும் தளத்தில் ஜெர்மன் காவலர்களைத் துப்பாக்கியோடு நிறுத்தியதும் தொழிலாளிகள் வெளிநடப்புச் செய்தார்கள். ஆகஸ்டில் மேற்குக் கரையின் மீன்பிடி நகரான எஸ்பியரில் ஊரே வேலைநிறுத்தம் செய்தது. பிறகு ஓடன்சே, அங்கே கூட்டம் ஒரு ஜெர்மன் அதிகாரியை அடித்துப்போட்டது. பிறகு ஓல்போர், இன்னும் பல ஊர்கள். கடைக்காரர்களும் கதவடைத்தார்கள். ஜெர்மன் சிப்பாய்களோடு பழகிய பெண்களைப் பிடித்து நடுத்தெருவில் முடியைக் கத்தரித்த அசிங்கமும் அந்த நாட்களில்தான் தொடங்கியது.

ஆகஸ்டு 24 பட்டப்பகலில் கோபன்ஹேகனின் ஃபோரம் மண்டபம் வெடித்துச் சிதறியது. ஜெர்மன் படையினர் தங்குவதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த கட்டடம். ஹோல்கர் டான்ஸ்கே என்ற ரகசியக் குழு வெடிமருந்தை பீர் பெட்டிக்குள் வைத்துச் சரக்குச் சைக்கிளில் கொண்டுபோயிருந்தது.

ஆகஸ்டு 28 காலை பெஸ்ட் இறுதி எச்சரிக்கையை நீட்டினார். நாடு முழுவதும் நெருக்கடிநிலை, வேலைநிறுத்தத் தடை, ஊரடங்கு, நாசவேலைக்கு மரண தண்டனை. இவற்றை டேனிஷ் அரசே அறிவிக்க வேண்டும். மாலை நான்கு மணி கெடு. மூன்று வருடம் வளைந்துகொடுத்த அரசும் கட்சிகளும் அன்று முடியாது என்று சொன்னார்கள். அந்தப் பதிலைக் கொடுத்த அரசின் தலைவர் அதே ஸ்காவேனியுஸ்.

மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு ஜெர்மன் படைகள் டேனிஷ் முகாம்களுக்குள் பாய்ந்தன. இருபதுக்கு மேற்பட்ட டேனிஷ் வீரர்கள் செத்தார்கள். அரசர் தன் மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார். கடற்படைத் தளபதி வேடல் முன்பே வாய்மொழியாக ஓர் உத்தரவைக் கொடுத்து வைத்திருந்தார்: கப்பல்கள் எதிரி கைக்குப் போகக்கூடாது. ஹோல்மென் தளத்தில் ஜெர்மானியர் வாயிலை உடைத்து உள்ளே ஓடிவந்துகொண்டிருக்கும்போதே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து உட்கார்ந்தன. ஏறக்குறைய முப்பது. சில கப்பல்கள் சுவீடனுக்குத் தப்பின. மூன்று வருடம் முன்பு சில மணி நேரத்திலேயே பணிந்துவிட்டோம் என்ற வெட்கத்தை அந்தக் காலையின் புகை கொஞ்சம் கழுவியதாக டேனிஷ்காரர்கள் உணர்ந்தார்கள்.

இனி அரசு இல்லை. அமைச்சரவை ராஜினாமாக் கடிதம் கொடுத்தது. அரசர் புதிய அமைச்சரவை எதையும் நியமிக்கவில்லை. நாடாளுமன்றம் கூடவில்லை. ஒவ்வொரு துறையின் செயலாளரும் தம் துறையைத் தாமே நடத்தினார். அவர்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் இயக்குநர் நில்ஸ் ஸ்வென்னிங்சென் தலைவர்போல இருந்தார். 1945 மே வரை நாடு இப்படித்தான் ஓடியது. ரேஷன் அட்டை வந்தது, ரயில் ஓடியது, வரி வசூலானது. மறுபுறம் செப்டம்பர் 16ஆம் தேதி எதிர்ப்புக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து விடுதலை மன்றத்தை அமைத்தன. அதில் கம்யூனிஸ்டுகளும் உண்டு, தேசியவாதிகளும் உண்டு.

அரசு விழுந்த அன்றே யூதர்களின் காப்பும் விழுந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி பெஸ்ட், இந்த நெருக்கடிநிலை முடிவதற்குள் யூதர்களை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று பெர்லினுக்குத் தந்தி அடித்தார். பதிவேடு இல்லாத நாடு என்பதால் யூதச் சமூக அலுவலகத்துக்குள் புகுந்து பெயர்ப் பட்டியலை எடுத்துப்போனார்கள். ஆனால் அதே பெஸ்ட்டின் அலுவலகத்தில் கப்பல் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மானியர் கியோர்க் டக்விட்ஸ், தேதி தெரிந்ததும் செப்டம்பர் 28 அன்று நேராகச் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவர்களில் ஒருவரான ஹான்ஸ் ஹெட்டோஃப்ட் யூதச் சமூகத் தலைவர் வீட்டுக்கு ஓடினார். தலைவர் நம்பவில்லை, நீங்கள் சொல்வது பொய் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாராம். மூன்று வருடப் பாதுகாப்பு உண்டாக்கியிருந்த நம்பிக்கை அப்படி. மறுநாள் காலை வழிபாட்டுக்கு வந்தவர்களிடம் ரப்பி மார்குஸ் மெல்கியோர், இன்று வழிபாடு இல்லை, உடனே ஒளிந்துகொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்றார். யூதப் புத்தாண்டு தொடங்கவிருந்த நாள் அது.

அந்த நாட்களில் துறைச் செயலாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. நாடுகடத்தலை எப்படியாவது தடுக்க வேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே துடித்தார்கள். கடைசியில் ஒரு யோசனையை எட்டினார்கள்: யூதர்களை நாமே, டேனிஷ் அதிகாரிகளே பிடித்து, டென்மார்க்கிலேயே ஒரு முகாமில் வைத்துக்கொள்கிறோம் என்று ஜெர்மானியரிடம் சொல்லிப் பார்ப்பது. தயக்கத்தோடும் எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவிலும் பெரும்பான்மை இதற்கு இசைந்தது. அக்டோபர் 1 மாலை ஸ்வென்னிங்சென் இந்த யோசனையோடு பெஸ்ட்டைப் பார்க்கப் போனார். காலம் கடந்துவிட்டிருந்தது. அன்றிரவே வேட்டை தொடங்கியது.

நல்ல வேளை என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. நம் பொறுப்பில் இருந்தால் காப்பாற்றலாம் என்ற நினைப்பு மூன்று வருடம் பலித்ததும் உண்மை. ஆனால் அந்த நினைப்பில் அமைந்த முகாம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன் பெயர் ஹோர்சரோட்.

1941 ஜூன் 22, ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் நுழைந்த நாள். கம்யூனிஸ்டுத் தலைவர்களைப் பிடிக்கச் சொல்லி ஜெர்மானியர் கேட்டார்கள். டேனிஷ் போலீஸ் கேட்டதைவிடக் கூடுதலானவர்களைப் பிடித்தது. அதற்கு வேண்டிய பட்டியல் அதன் கையிலேயே இருந்தது. பிடிபட்டவர்களில் நாடாளுமன்ற உறுப்பினரும் உண்டு. அரசியல் சாசனம் இதற்கு இடம் தரவில்லை. அதனால் இரண்டு மாதம் கழித்து, முன்தேதியிட்டுச் செல்லும்படி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கைதிகள் ஹோர்சரோட் முகாமில் அடைக்கப்பட்டார்கள். ஜெர்மானியர் கைக்குப் போவதைவிட எங்கள் கையில் இருப்பது உங்களுக்கே நல்லது என்பதுதான் அப்போது அவர்களுக்குச் சொல்லப்பட்ட சமாதானம். 1943 ஆகஸ்டு கடைசியில் நிலைமை முற்றுவது தெரிந்ததும், விட்டுவிடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். விடவில்லை. 29ஆம் தேதி காலை ஜெர்மானியர் முகாமைப் பிடித்தபோது தொண்ணூறுக்கு மேற்பட்டோர் எப்படியோ வேலியைக் கடந்து ஓடிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் 150 பேர்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஹோர்சரோட் இருப்பது ஹெல்சிங்கோர் நகரத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி. யூதர்கள் எந்தக் கடற்கரையிலிருந்து சுவீடனுக்குப் படகேறினார்களோ, அதே கடற்கரைக்கு அருகில். அந்த இடத்தில் நீரிணையின் அகலம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். இருட்டில் அக்கரை விளக்குகள் தெரியும். இருட்டடிப்பு இல்லாத நாட்டின் விளக்குகள்.

இனி அக்டோபர். அந்த மாதத்து மீட்பைச் சாதாரண மக்களின் ஏற்பாடு என்று சொல்வது மிகையில்லை. தலைமை தாங்க யாருமே இருக்கவில்லை. கோபன்ஹேகன் பிஸ்பெபியர் ஆஸ்பத்திரியில் மருத்துவர்களும் செவிலியர்களும் நூற்றுக்கணக்கானவர்களை ஹான்சென் என்பதுபோன்ற பொதுப்பெயர்களில் நோயாளிகளாகப் பதிந்துகொண்டார்கள். சவ ஊர்வலம் போகிறவர்களைப்போல வண்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை, லூதரன் சபை ஆயர்களின் கண்டனக் கடிதம் நாடெங்கும் மாதாகோயில் பீடங்களிலிருந்து வாசிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் வகுப்புகளை நிறுத்தியது. மாணவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். முந்தைய நாளே சுவீடன், வருகிறவர்களை எல்லாம் ஏற்போம் என்று வானொலியில் அறிவித்திருந்தது. இயற்பியலாளர் நீல்ஸ் போர் அதற்குச் சற்று முன்னரே படகில் தப்பி சுவீடன் மன்னரைப் பார்த்துப் பேசியிருந்தார். பிறகு அவரை பிரிட்டிஷ் விமானம் ஒன்றின் குண்டு வைக்கும் அறையில் படுக்கவைத்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஆக்சிஜன் கிடைக்காமல் மயங்கிவிட்டார். கட்டடக் கலைஞர் ஆர்னே யாகப்சன் துடுப்புப் படகில் போய்ச் சேர்ந்தார்.

பணம் கைமாறியது. இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. ஒருவரைக் கடத்திவிட மீனவர்கள் சராசரியாக ஆயிரம் குரோனர் வாங்கினார்கள். முதல் நாட்களின் பதற்றத்தில் அதற்குப் பல மடங்கு கேட்டவர்களும் உண்டு. தேர்ந்த தொழிலாளி ஒருவருக்கு ஆயிரம் என்பது இரண்டு மாதக் கூலிக்கும் மேல். பிடிபட்டால் படகு போய்விடும், அதோடு பிழைப்பு போய்விடும், சிறைதான் என்ற நிலையில் இருந்த மனிதன் விலை கேட்டதில் எனக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை. இல்லாதவர்களுக்காகப் பணக்காரர்களும் சபைகளும் மருத்துவர்களும் நிதி திரட்டினார்கள். பணமில்லை என்பதற்காகக் கரையில் விடப்பட்டவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கவில்லை என்பதே முக்கியம்.

ஜெர்மன் தரப்பின் மந்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேட்டை நடந்த இரவு, திறக்காத கதவை உடைக்காதீர்கள் என்று உத்தரவு இருந்தது. நீரிணையில் ரோந்து பேருக்குத்தான் நடந்தது. பெஸ்ட்டுக்கு வேண்டியது யூதர் இல்லாத டென்மார்க். அவர்கள் எந்தத் திசையில் போனாலும் அவர் பெர்லினுக்கு அப்படி அறிக்கை எழுதலாம். ஆனால் எல்லா அதிகாரிகளும் அப்படி இல்லை. ஹெல்சிங்கோரின் கெஸ்டாபோ அதிகாரி யூல் விடாமல் துரத்தினார். அக்டோபர் 6 இரவு கில்லெலாய என்ற மீனவ ஊரின் மாதாகோயில் பரணில் ஒளிந்திருந்த எண்பது பேர் வரை காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் அடைத்த இடம், கம்யூனிஸ்டுகளை அனுப்பியதும் காலியாகியிருந்த அதே ஹோர்சரோட்.

மொத்தத்தில் 7,200க்கும் மேற்பட்ட யூதர்களும், அவர்களோடு யூதரல்லாத உறவினர் எழுநூறு பேர் வரையும் சுவீடன் சேர்ந்தார்கள். இருபது பேரளவில் கடலில் மூழ்கினார்கள். படகில் அழுதால் எல்லோருக்கும் ஆபத்து என்று நூற்றுக்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளைப் பெற்றோர் டேனிஷ் குடும்பங்களிடம் விட்டுப்போனார்கள். ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது சில குழந்தைகளுக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. பிடிபட்ட 470 பேர் வரை தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குப் போனார்கள். அவர்களை டேனிஷ் அதிகாரிகள் கைவிடவில்லை. கடிதம் எழுதினார்கள், பொட்டலம் அனுப்பினார்கள், நேரில் பார்க்க வேண்டும் என்று நச்சரித்தார்கள். அங்கிருந்து ஆஷ்விட்சுக்கு அனுப்பமாட்டோம் என்ற உறுதியை நவம்பரிலேயே பெற்றார்கள். ஐம்பது பேரளவில் முகாமில் இறந்தார்கள். மற்றவர்கள் 1945 ஏப்ரலில் பேருந்துகளில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். அரசே இல்லாத நாட்டின் குமாஸ்தாக்கள் செய்த இந்தக் காரியத்தை ஆயுதம் ஏந்திய எந்த வீரச் செயலுக்கும் கீழாக நான் வைக்கமாட்டேன்.

வார்தலாண்டில் போன கம்யூனிஸ்டுகள் டான்சிக் அருகில் இருந்த ஸ்டுட்ஹோஃப் முகாமுக்குப் போனார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை.

அரசர் மஞ்சள் நட்சத்திரம் அணிந்து குதிரையில் போனார் என்ற கதையை இன்றும் பலர் சொல்கிறார்கள். நடக்கவில்லை. டென்மார்க்கில் அந்த உத்தரவே வரவில்லை. அக்டோபர் 1943இல் அரசர் குதிரை ஏறும் நிலையிலும் இல்லை. ஆனால் 1941 நாட்குறிப்பில், அப்படி ஓர் உத்தரவு வந்தால் நாம் எல்லோருமே அணிந்துகொள்வதுதான் நல்லது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். சுவீடன் பத்திரிகையின் கேலிச்சித்திரம் ஒன்றும் பிற்பாடு லியோன் யூரிஸின் ‘எக்ஸோடஸ்’ நாவலும் அந்த எண்ணத்தை நடந்த சம்பவமாக மாற்றிவிட்டன. அந்த நாட்டைப் பற்றி உலகம் நம்ப விரும்பியது எது என்பதற்கு இது நல்ல சாட்சி.

நவம்பர் 13ஆம் தேதி கோபன்ஹேகனில் கார்ல் தியோடர் ட்ரையரின் ‘கோபத்தின் நாள்’ திரைப்படம் வெளியானது. பதினேழாம் நூற்றாண்டில், சூனியக்காரி என்று குற்றம்சாட்டி ஒரு கிழவியைத் துரத்திப் பிடித்து எரிக்கும் ஊரின் கதை. நாஜிகளை நினைத்து எடுக்கவில்லை என்று ட்ரையர் சொல்லிவந்தார். ஆறு வாரத்துக்கு முன்பு அந்த நகரத்தில் நடந்ததைப் பார்த்துவிட்டுத் திரையரங்குக்குள் போனவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. படம் வெளியான பிறகு ட்ரையரும் சுவீடன் போய்விட்டார்.

வருடம் முடிந்த சில நாட்களில், 1944 ஜனவரி 4 மாலை, நாடகாசிரியரும் பாதிரியாருமான காய் முங்கை வீட்டிலிருந்து இழுத்துப்போய்ச் சாலையோரம் சுட்டுப் போட்டார்கள். ஒத்துழைப்புக் காலத்தின் நயநாகரிகம் அதோடு தீர்ந்தது.

2003 ஆகஸ்டு 29 அன்று, கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட அறுபதாம் ஆண்டு விழாவில், அன்றைய பிரதமர் ஆனர்ஸ் ஃபோ ராஸ்முசென் ஒத்துழைப்புக் கொள்கையை அறநெறிப்படி நியாயப்படுத்தவே முடியாது என்று கண்டித்தார். வரலாற்றாசிரியர்கள் பலர் அவரோடு சண்டைக்குப் போனார்கள். அந்தக் கொள்கை இல்லாவிட்டால் யூதர்கள் 1943 அக்டோபர் வரை எஞ்சியிருப்பார்களா என்பது அவர்கள் கேள்வி. இரண்டு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் ஒத்துழைப்பின் கணக்கைத் தீர்ப்பவர்கள், குடியுரிமை பெற்ற யூதர்களை வைத்து மட்டும் அதைத் தீர்க்கக்கூடாது. அந்த அரசு யாரைத் தன்னவர் என்று எண்ணியதோ அவர்களுக்காகக் கடைசிவரை வாதாடியது. தன்னவர் இல்லை என்று ஒதுக்கியவர்களைப் பிறர் கேட்டதற்கும் மேலாகவே எடுத்துக் கொடுத்தது. ஒதுக்கப்பட்டவர்களில் கம்யூனிஸ்டுகள் தவிர இன்னொரு சிறு கூட்டமும் உண்டு. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்திருந்த நாடற்ற யூத அகதிகள் 21 பேரை 1940க்கும் 1943க்கும் இடையில் டேனிஷ் அதிகாரிகளே ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலும் யாரும் கேட்காமலே. அவர்களில் பலர் வதைமுகாம்களில் இறந்தார்கள்.

அவர்களுக்காக டென்மார்க் மன்னிப்புக் கேட்டது 2005 மே மாதத்தில்.